விலை கொடுத்து வாங்குவது மீட்பாகுமா?
கண்டிக் கடைகளின் ஃபைட்டர் மீன்களை முன்வைத்து ஓர் ஆய்வு

கண்டி நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை முதலிய ஊர்களிலும் அலங்கார மீன் விற்கும் கடைகளில் ஃபைட்டர் மீன்களுக்கென்று தனியாக ஒரு தட்டு இருக்கும். மற்ற மீன்கள் கண்ணாடித் தொட்டியில் கூட்டமாக நீந்த, ஃபைட்டர் மட்டும் ஒன்றை ஒன்று நெருங்காதபடி போத்தலிலும் பிளாஸ்டிக் கோப்பையிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். நீர் தெளிவாகவும் மீன் துடிப்பாகவும் உள்ள கடைகள் உண்டு. நீர் மஞ்சள் பாய்ந்து, தின்னாத தீனி அடியில் பூஞ்சை பிடித்து, துடுப்புகள் உடலோடு ஒட்டிப்போய் மீன் அசையாமல் கிடக்கும் கோப்பைகளும் உண்டு. இளகிய மனமுடைய ஒருவர் அதைக் காண்கிறார். சில நூறு ரூபாயைக் கொடுத்து அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல தொட்டியில் விடுகிறார். அது தேறிவிட்டால் ஓர் உயிரைக் காப்பாற்றிய நிறைவு அவருக்குக் கிடைக்கிறது. மீன் வளர்ப்போரிடையே உலகெங்கும் இச்செயலுக்கு 'மீட்பு' என்று பெயர். அந்தப் பெயர் இதற்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விலை கொடுத்துப் பெறுவது எவ்வளவு இரக்கத்தோடு செய்யப்பட்டாலும் கொள்வனவுதான் என்பது என் முடிவு. ஆனால் அந்த முடிவு யாரையும் கோப்பையைக் கடந்து நடந்துபோக விடுவதில்லை. காசு கொடுக்க மறுப்பவருக்கு அதைவிடக் கடினமான கடமை ஒன்று காத்திருக்கிறது.

கோப்பைக்குள் நடப்பது

பெட்டா ஸ்ப்ளென்டென்ஸ் என்பது இம்மீனின் அறிவியற் பெயர். 1910இல் அப்பெயரை இட்டவர் சார்ள்ஸ் டேட் ரீகன் என்ற பிரித்தானிய மீனியலாளர். தாய்லாந்துச் சமவெளியின் நெல்வயல்களும் சதுப்புகளும் வாய்க்கால்களுமே இதன் பூர்வீகம். அறிவியற் பெயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்நாட்டு மக்கள் சண்டைக்காக இதை வளர்த்து, மூர்க்கமான ஆண்களைத் தெரிந்தெடுத்துப் பெருக்கி வந்தார்கள். 2019இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக்கியது. செவுளின் மேற்புறத்தில் மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பினால் இம்மீன் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். நம் குளங்களின் பனையேறி மீனுக்கும் அதே உறுப்பு உண்டு. இலங்கைக்கே உரியவையாகவும் உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதவையாகவும் உள்ள பெலொன்டியா சிக்னாட்டா, மல்புலுட்டா கிரெட்செரி ஆகிய இரு மீன்களும் இதன் உறவினங்களே. ஆகவே ஃபைட்டர் நமக்கு முற்றிலும் அந்நியமான உயிரல்ல. நம் ஓடைகளில் நீந்தும் உயிர்களின் தூரத்து உறவு.

காற்றைச் சுவாசிக்கும் அந்தத் திறனே ஃபைட்டருக்கு வினையாக முடிந்தது. ஒட்சிசன் குறைந்த நீரில் மற்ற மீன்கள் பலவும் சில மணி நேரத்தில் மாண்டுவிடும், இது தாக்குப்பிடிக்கும். எனவே காற்றூட்டியும் வடிகட்டியும் இல்லாத ஒரு கோப்பை இதற்குப் போதும் என்று வணிகம் முடிவு செய்தது. ஆனால் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு ஒட்சிசன் குறையைத் தீர்க்குமே தவிர அமோனியாவிலிருந்து காக்காது. மீன் தன் நைதரசன் கழிவில் பெரும்பங்கை அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. அது தேங்கும் நீரில் செவுள் எரிகிறது, தோலின் சளிப்படலம் கெடுகிறது, துடுப்பு அழுகத் தொடங்குகிறது. கணக்கு எளிது. கால் லீற்றர் கோப்பையில் சேரும் கழிவு 20 லீற்றர் தொட்டியில் சேர்ந்தால் அதன் செறிவு 80இல் ஒரு பங்காகிவிடும். அந்தத் தொட்டியில் கழிவை உடைக்கும் நுண்ணுயிர்கள் குடியேற இடமுண்டு. வடிகட்டியில்லாத கோப்பையில் அதற்கு வழியில்லை.

இயற்கையில் இம்மீன் சின்னஞ்சிறு குட்டைகளில்தானே வாழ்கிறது என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. நெல்வயலின் நீர் ஆழம் குறைந்ததுதான், ஆனால் பரந்தது. அங்கே செடிகளின் நிழலும், இரை தேடும் பரப்பும், எதிரி கண்ணில் படாமல் ஒதுங்க மறைவிடமும் உண்டு. கோடையில் குட்டைகள் சுருங்குவது உண்மை. அது மழை வரும்வரை தாங்கவேண்டிய நெருக்கடி, ஆயுள் முழுவதும் வாழும் முறையல்ல. ஆண்களைச் சேர்த்து வைத்தால் கடித்துக் கொன்றுவிடும் என்ற காரணமும் சொல்லப்படுகிறது. பிரித்து வைக்கவேண்டும் என்பதற்கு அது நியாயம். கால் லீற்றரில் வைக்கவேண்டும் என்பதற்கு நியாயமாகாது. ஒளி ஊடுருவும் கோப்பைகளை அருகருகே அடுக்கினால் நிலைமை இன்னும் கெடுகிறது. ஒவ்வொரு ஆணும் எதிரியை நாள் முழுவதும் பார்த்தபடி, செவுள் மூடியை விரித்து மிரட்டியபடி, விரட்டவும் ஓடவும் முடியாமல் இருக்கிறது. சில்லறைக் கடைகளிலும் வீடுகளிலும் இம்மீன் படும் பாடுகளை ஆராய்ந்து 2017இல் பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட மீளாய்வொன்று, இந்த இனத்தின் நலன் தனியாகக் கவனிக்கப்படவேண்டிய விடயம் என்பதை நிறுவியது.

கண்டிக்கு மட்டும் உரிய ஒரு காரணமும் இதோடு சேர்கிறது. ஃபைட்டர் ஏறத்தாழ 24 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான நீரில் நலமாக இருக்கும். கொழும்பு, கம்பகா போன்ற தாழ்நிலங்களில் ஆண்டு முழுவதும் அந்த வெப்பம் இயல்பாகவே கிடைக்கிறது. நாட்டின் அலங்கார மீன் வளர்ப்பும் மேல் மாகாணத்திலேயே செறிந்துள்ளது. கண்டியோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாத விடியற்காலைகளில் இங்கே வெப்பம் 20 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. பெரிய தொட்டியின் நீர் மெல்லக் குளிர்ந்து மெல்லச் சூடேறும். கோப்பை நீரோ அறையோடு சேர்ந்து குளிர்ந்து, பகல் வெயிலோடு சேர்ந்து சூடேறிவிடும். தாழ்நிலத்தில் பொரித்து, பொலித்தீன் பையில் அடைத்து, நூறு கிலோமீற்றருக்கு மேல் மலையேற்றிக் கொண்டுவரப்படும் ஒரு மீனுக்கு இந்த ஏற்ற இறக்கம் செரிமானத்தையும் நோய் எதிர்ப்பையும் குலைத்துவிடுகிறது. கொழும்பில் கோப்பை ஒரு குறை என்றால் கண்டியிலும் நுவரெலியாவிலும் அது இரட்டைக் குறை.

வலி உண்டா என்ற கேள்வி

இவ்வளவும் ஒரு மீனுக்காகவா என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லவேண்டும். மீன் வலியை உணராது என்ற நம்பிக்கை நீண்ட காலம் நிலவியது. 2003இல் லின் ஸ்னெட்டன், விக்டோரியா பிரெய்த்வெய்ட், மைக்கல் ஜென்டில் ஆகியோர் டிரவுட் மீனின் முகத்தில் வலியூட்டும் தூண்டல்களை அறியும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் எரிச்சலூட்டும் பொருள் செலுத்தப்பட்ட மீன்கள் இரையை நெடுநேரம் ஒதுக்கின, உதட்டைத் தொட்டியின் அடியில் தேய்த்தன. வலிநீக்கி கொடுத்தபோது அந்த நடத்தை குறைந்தது. பெருமூளைப் புறணி இல்லாத உயிருக்கு வலி அனுபவமே இருக்க முடியாது என்று பிரையன் கீ போன்ற நரம்பியலாளர்கள் மறுத்தார்கள். அந்த விவாதம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் எடை மாறியிருக்கிறது. 2024 ஏப்ரலில் நியூயோர்க்கில் விஞ்ஞானிகளும் மெய்யியலாளரும் வெளியிட்ட பிரகடனம், மீன் உள்ளிட்ட எல்லா முதுகெலும்பிகளுக்கும் உணர்வு அனுபவம் இருப்பதற்கு மெய்யான வாய்ப்பு உண்டென்றும், அந்த வாய்ப்பைப் புறக்கணித்து முடிவெடுப்பது பொறுப்பற்றதென்றும் கூறியது. அறநெறிக்கு அவ்வளவு போதும். வலிக்கிறது என்பது நூறு சதவீதம் உறுதியானால்தான் நீரை மாற்றுவேன் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஒரு கோப்பை நீரை மாற்றும் செலவு அற்பம். தவறாகக் கணித்தால் நேரும் கொடுமை பெரிது.

நாம்தான் மீனை உண்கிறோமே, அலங்கார மீனுக்கு மட்டும் ஏன் இந்த இரக்கம் என்பது இதன் தொடர்ச்சியான கேள்வி. மீன் இலங்கையரின் உணவில் முதன்மையான விலங்குப் புரதம். அதை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமல்ல. உணவுக்காகக் கொல்வது சரியா என்பது ஒரு கேள்வி. உயிரோடு வைத்திருக்கும்போது எப்படி வைத்திருக்கிறோம் என்பது வேறு கேள்வி. மாட்டிறைச்சி உண்பவர்கூட மாட்டைப் பட்டினி போட்டு நிறுத்துவதை ஏற்கமாட்டார். கோப்பை மீன் யாருடைய பசியையும் தீர்ப்பதில்லை. அழகுக்காகவே வைத்திருக்கும் ஓர் உயிரை அழுக்கில் வைத்திருக்கத் தேவை என்று ஒன்றைக் காட்டவே முடியாது.

கடைத்தட்டின் கணக்கு

மீன் துன்புறுகிறது என்று ஏற்ற பின்புதான் இரக்கமுள்ளவரின் கை சட்டைப்பைக்குப் போகிறது. அந்தக் காசு என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். ஒரு கடைக்காரர் மொத்த விற்பனையாளரிடம் 200 ரூபாய்க்கு வாங்கிய மீனை 400 ரூபாய்க்கு விற்பதாக எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். மீன் கோப்பையிலேயே செத்தால் அவருக்கு 200 ரூபாய் நட்டம். சாகும் தறுவாயில் உள்ள அதே மீனை இரக்கத்தால் ஒருவர் முழு விலைக்கு வாங்கினால் 200 ரூபாய் இலாபம். இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 400 ரூபாய். எந்த நிலையிலும் காலியான இடத்துக்கு இன்னொரு மீன் வரத்தான் போகிறது. மாறுவது ஒன்றே: அக்கறையின்மைக்கான விலையைச் செலுத்துவது யார் என்பது. சாகும் மீன்கள் கடைக்காரரின் பணத்தைத் தின்றால், நீர் மாற்றுவதும் அளவாக வாங்குவதும் அவருக்கே நன்மையாகும். சாகும் மீன்களை யாராவது வந்து வாங்கிக்கொண்டே இருந்தால், நோயுற்ற மீனும் நலமான மீனும் அவர் பேரேட்டில் ஒன்றாகிவிடும். வாங்குபவரின் இரக்கம் விற்பவரின் அசட்டைக்குக் காப்புறுதி ஆகிவிடுகிறது.

இந்த உண்மையைத் தமிழ் மரபு புதிதாக அறியவேண்டியதில்லை. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் உண்பவனையும் விற்பவனையும் ஒரே முடிச்சில் கட்டுகிறார். தின்பதற்காக என்று உலகம் கொல்லாதிருந்தால் விலைக்காக ஊன் தருவாரும் இருக்கமாட்டார் என்பது அவர் வாதத்தின் சாரம். வாங்குபவரின் நோக்கத்தை அந்த முடிச்சு கேட்பதில்லை. தின்ன வாங்கினாலும் காக்க வாங்கினாலும் கடைக்காரரின் பெட்டியில் விழும் காசு ஒன்றுதான். அடுத்த ஓடரை எழுதுவதும் அந்தக் காசுதான்.

மனிதரின் துயரோடு மீனின் துயரை ஒப்பிட முடியாது. ஆயினும் இதே புதிர் மனிதர் விடயத்தில் எழுந்தபோது அறிஞர்கள் சிந்தித்தது நமக்கு உதவும். 1990களில் சூடானின் உள்நாட்டுப் போரில் அடிமையாக்கப்பட்டவர்களைக் கிறிஸ்தவ அமைப்பொன்று விலை கொடுத்து விடுவித்தது. அந்தப் பணம் மேலும் ஆட்கடத்தலைத் தூண்டும் என்று யுனிசெப் கண்டித்தது. பின்னர் பொருளியலாளர்கள் டீன் கார்லனும் அலன் குரூகரும் இந்தச் சிக்கலை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த தொகுப்பொன்றில் எழுதினார்கள். விலை ஏறும்போது வழங்கல் எவ்வளவு பெருகும் என்பதைப் பொறுத்தே மீட்பின் பயன் அமையும் என்பது அத்தகைய ஆய்வின் அடிப்படை. வழங்கலைப் பெருக்க முடியாத இடத்தில் மீட்பு மெய்யாகவே ஒருவரை விடுவிக்கிறது. வழங்கல் எளிதில் பெருகும் இடத்தில் ஒருவர் வெளியேற இன்னொருவர் உள்ளே வருகிறார்.

அந்த அளவுகோலை மலைநாட்டில் நாம் அறிந்த ஒரு வழக்கத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். இறைச்சிக்குப் போகும் மாட்டை விலை கொடுத்து விடுவிக்கும் உயிர்த்தானத்தைப் பௌத்த அயலவர்கள் பெரும் புண்ணியமாகக் கொள்கிறார்கள். ஓர் உயிருக்கு அச்சமின்மையை அளிக்கும் அந்தக் கொடையின் உள்ளம் உயர்ந்தது. அதில் கைமாறும் பணமும் சந்தையைத் தொடத்தான் செய்கிறது. ஆனால் பசு ஆண்டுக்கு ஒரு கன்று ஈனுவதே அரிது, ஒரு மாட்டின் இடத்தை இன்னொரு மாடு நிரப்ப ஆண்டுகள் ஆகும். ஃபைட்டரோ ஒரே சோடி, ஒரே குமிழிக்கூட்டில் நூற்றுக்கணக்கில் குஞ்சு பொரிக்கும். சில மாதங்களில் அவை விற்பனைக்கு வந்துவிடும். உலகில் வழங்கல் இவ்வளவு எளிதாகப் பெருகும் செல்ல உயிர்கள் அரிது. அதனால்தான் மாட்டுக்கு ஓரளவு பொருந்தும் வாதம் மீனுக்குப் பொருந்தாமல் போகிறது.

மறுப்புகள்

முதல் மறுப்பு இதுவே, வலுவானதும் இதுவே: கணக்கு எதுவாக இருந்தாலும் என் கண்முன் கிடப்பது ஒரே ஓர் உயிர், நாளை வரப்போகும் மீன்களுக்காக இன்று இதைச் சாகவிடுவது, இந்த மீனைக் கடைக்காரருக்குப் பாடம் புகட்டும் கருவியாக்குவது ஆகாதா? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கண்முன் உள்ள துன்பத்துக்கு இரங்குவதுதான் எல்லா அறத்துக்கும் வேர். அந்த உணர்ச்சி மழுங்கியவரிடம் நாளைய மீன்களைப் பற்றிய கணக்கும் வேலை செய்யாது. ஆனால் இந்த மறுப்பு நம்மிடம் இரண்டே வழிகள் இருப்பதாக எண்ணுகிறது: வாங்குவது, அல்லது விட்டுப்போவது. கடைக்காரரோடு பேசுவது, நீரை மாற்றச் சொல்வது, விற்க முடியாத மீனை விலையின்றிக் கேட்பது, முறையிடுவது என்று இடையில் பல வழிகள் உள்ளன. அவை யாவும் அடைபட்ட பின்னரே அந்தக் கடுமையான தெரிவு எழுகிறது. பெரும்பாலான வேளைகளில் காசு கொடுப்பது வேகமானதாகவும் கூச்சமற்றதாகவும் இருப்பதால்தான் மற்ற வழிகள் முயலப்படுவதேயில்லை.

இரண்டாவது மறுப்பு: நான் வாங்கும் ஒரு மீனால் வணிகம் மாறப்போவதில்லை. இருபது கோப்பைகள் உள்ள தட்டில் பத்து காலியானதும் கடைக்காரர் பத்து மீன்களுக்கு ஓடர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேர் வாங்கியபோது ஒன்றும் நடக்கவில்லை. பத்தாமவர் வாங்கியபோது பத்து மீன்கள் வந்தன. தான் எத்தனையாவது ஆள் என்பது யாருக்கும் தெரியாது. பத்தில் ஒரு வாய்ப்பு, பத்து மீன்கள். சராசரியில் ஒவ்வொருவரின் கொள்வனவும் ஒரு மீனை வரவழைக்கிறது. தனியொருவரின் பங்கு கண்ணுக்குத் தெரியாததால் அது இல்லாமலாகிவிடாது.

மூன்றாவது மறுப்பு விற்பவரின் பக்கத்திலிருந்து வருகிறது. சிறு கடைக்காரரும், வீட்டுக் கொல்லையில் சீமெந்துத் தொட்டி கட்டி மீன் வளர்க்கும் குடும்பங்களும் பணக்காரர் அல்லர். 2022இன் பொருளாதார நெருக்கடி இவர்களையும் உலுக்கியது. மின்தடையும் மின்கட்டண உயர்வும் தொட்டி வைத்திருப்போரை நேரடியாகத் தாக்கின. இவர்களைக் கொடியவராகச் சித்திரிப்பது அநியாயம். பல கோப்பைகள் அழுக்காக இருப்பதற்குக் கொடுமையைவிட அறியாமையும் ஆட்குறையுமே காரணம். ஆனால் இந்த மறுப்பு காசு கொடுத்து மீட்பதற்கு ஆதரவாகாது. ஏழைக் கடைக்காரருக்கு உதவ விரும்புபவர், அவர் நன்றாக வைத்திருக்கும் மீனை வாங்கி உதவட்டும். நலிந்த மீனுக்குக் கொடுக்கும் காசு அவரை நலிந்த மீன் வணிகத்திலேயே நிறுத்திவைக்கும்.

நல்லவர்கள் வாங்காவிட்டால் அறியாதவர்கள் வாங்கி இன்னொரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுச் சாகடிப்பார்கள் என்பது நான்காவது மறுப்பு. இது நலமான மீனுக்குப் பொருந்தலாம். நலிந்த மீனை இரக்கமுள்ளவரைத் தவிர வேறு எவரும் வாங்குவது குறைவு. மேலும் மீட்பவர் என்று தம்மைக் கருதுபவரின் வீடும் எப்போதும் சிறந்த இடமாக இருப்பதில்லை. மூடியுள்ள, 20 லீற்றருக்குக் குறையாத தொட்டி, குளோரின் நீக்கிய நீர், கண்டியின் குளிர் மாதங்களுக்கு ஒரு சூடாக்கி, இருக்கும் மீன்களிலிருந்து சில வாரம் ஒதுக்கிவைக்க இடம் ஆகியன இல்லாமல் கொண்டுபோவது ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கு மாற்றுவதே. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கண்டபடி கலக்குவதும் தீங்கு. மருந்து பற்றி ஆலோசனை கேட்பதில் கண்டிக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு: நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பிழைக்க வழியில்லாத மீனுக்கு வேதனையின்றி முடிவு தருவதும் கருணையின் ஒரு பகுதி. கண்டி, மாத்தளை மாவட்டங்களில் விளையும் கராம்பின் எண்ணெயிலுள்ள யூஜெனோல் உலகெங்கும் மீன்களை மயக்கமூட்டப் பயன்படுகிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டறியவேண்டும்.

காசில்லாமல் மீட்பது

மேலே கண்ட கணக்கிலிருந்தே சரியான வழியும் புலப்படுகிறது. முழு விலையில் வாங்கினால் கடைக்காரருக்கு இலாபம். பாதி விலையில் வாங்கினால் அவர் போட்ட முதல் திரும்பிவிடுகிறது, அசட்டையின் செலவு மறைந்துவிடுகிறது. விலையின்றிப் பெற்றால் மட்டுமே நட்டம் அவரிடம் நிற்க, உயிர் நம்மிடம் வருகிறது. மீட்பு என்ற சொல்லுக்கு உரியது அது ஒன்றே. நோயுற்ற மீனைக் காட்டி, விற்க முடியாததை வளர்க்கத் தெரிந்த தம்மிடம் தருமாறு பணிவாகக் கேட்டால் இசையும் கடைக்காரர்கள் இருப்பார்கள். சாகப்போகும் மீனால் அவருக்கு வேறு பயனில்லை. கண்டியிலும் சுற்றூர்களிலும் மீன் வளர்ப்பில் தேர்ந்தவர்கள் சிலர் சேர்ந்து கடைகளோடு இத்தகைய ஏற்பாடொன்றை வைத்துக்கொண்டால், ஒவ்வொருவரும் தனித்தனியே கெஞ்சவேண்டியதில்லை. கூடவே நீர் மாற்றும் ஒழுங்கையும், கோப்பைகளுக்கிடையே மறைப்பு வைப்பதையும், பெரிய தொட்டியைத் தடுப்புகளால் பிரித்து ஒரே சூடாக்கியால் வெப்பமூட்டுவதையும் கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அத்தகைய தொட்டியில் மீன் சாவது குறையும்; அது அவருக்கே இலாபம்.

சட்டமும் முற்றிலும் மௌனமாக இல்லை. இலங்கையின் 1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம், அடைத்து வைக்கப்பட்ட மீனையும் விலங்கு என்ற வரையறைக்குள் சேர்த்தது. நூற்றாண்டுக்கு முந்திய சட்டமொன்று மீனை மறக்காதது பெருமைக்குரியது. அது விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபாய் என்பது வேதனைக்குரியது. சட்ட ஆணைக்குழு 2006இல் தயாரித்த விலங்கு நலச் சட்டமூலம் ஆண்டுக்கணக்காகக் கிடப்பில் இருந்தது. அயலில் இந்தியாவின் அனுபவம் நமக்குப் பாடம். 2017 மே மாதம் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சு மீன் தொட்டிக் கடைகளுக்கென விரிவான விதிகளை வெளியிட்டது. பல இனங்களை ஒரேயடியாகத் தடைசெய்த அவ்விதிகள் சென்னைக் கொளத்தூர் போன்ற பெரும் சந்தைகளில் வாழ்வாதார அச்சத்தைக் கிளப்பின. அதே ஆண்டிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டன. மாறாக, உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வைப்பதை 2005இல் தடைசெய்த ரோம் நகரம் எடுத்தது ஒரே ஒரு சிறு விடயத்தை. நமக்கும் அதுபோல் ஒன்று போதும். விற்பனைக்கு வைக்கும் ஃபைட்டருக்கு ஆகக் குறைந்த நீர் அளவு, நீர் மாற்றும் இடைவெளி, மலைநாட்டில் ஆகக் குறைந்த வெப்பம் ஆகிய மூன்றை வரையறுப்பது தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபைக்கும், பேராதனை கெட்டம்பையில் தலைமையகம் கொண்ட கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்கும் இயலாத காரியமல்ல. எந்தக் கடையையும் மூடாமல் எந்தக் கோப்பையையும் மாற்ற இது போதும்.

இரக்கத்தின் பெயரால் நடக்கும் இன்னொரு தவறையும் சொல்லாமல் விட முடியாது. வாங்கிய மீனைக் கண்டி வாவியிலோ மகாவலியிலோ விடுவது விடுதலை அல்ல. நீண்ட துடுப்புகளுக்காகவே தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட ஃபைட்டர் அங்கே வேகமாக நீந்தவும் ஒளியவும் முடியாமல் விரால் மீனுக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகும். பிழைத்தால் அது இன்னும் மோசம். அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் ஆற்றில் விடப்பட்ட ஃபைட்டர்கள் அங்கே நிலையாகக் குடியேறிவிட்டன. நம் பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் அமேசான் ஆற்றுக் 'டேங்க் கிளீனர்' மீன் பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கண்டி வாவியில் அமெரிக்காவின் அலிகேட்டர் கார் மீன் காணப்பட்டதும் செய்தியானது. இவையெல்லாம் யாருடையவோ தொட்டிகளிலிருந்து விடப்பட்டவை அல்லது தப்பியவை. இலங்கைக்கே உரிய மீன்களின் வாழிடத்தை அழித்து வெளிநாட்டு மீன் ஒன்றுக்கு விடுதலை தருவது எந்தக் கணக்கிலும் கருணையாகாது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். நலிந்த மீனை விலைக்கு வாங்குபவர் தீயவரல்லர்; ஆனால் அவர் செய்தது மீட்பு அல்ல. மீட்பு என்பது கடைக்காரரோடு பேசுவதில் தொடங்குகிறது, விலையின்றிப் பெறுவதில் நிகழ்கிறது, விதியை மாற்றுவதில் முழுமையடைகிறது. மீன் வளர்க்க விரும்பும் கண்டி வாசகரிடம் கேட்பது சிறிய விடயம்தான். அடுத்த முறை அந்தத் தட்டின் முன் நிற்கும்போது பணப்பையை எடுக்குமுன், "இந்த நீரை எப்போது மாற்றினீர்கள்?" என்று ஒருமுறை கேளுங்கள். தெளிவான விடையும் தெளிவான நீரும் இருக்கும் கடையில் வாங்குங்கள். இல்லாத கடையில் வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டு, அந்த மீனை விலையின்றித் தருவாரா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.